நெய்ச் சோற்றால் வந்த கட்டி இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு மருத்துவப் பக்கத்தில், ஒன்றரை வயதுக் குழந்தையின் வயிற்றிலிருந்து கொழுப்புக் கட்டியை அகற்றிய செய்தி வந்திருந்தது. முடிவில், தாய்மார்கள் நெய், வெண்ணெயை அளவோடு ஊட்ட வேண்டும் என்று ஒரு வரி. இதை எந்த டாக்டர் சொன்னார்? பெயரைக் காணோம்.

என் பேரனுக்கு வந்ததும் இதே கட்டிதான். கை கால் மெலிந்துகொண்டே வர, வயிறு மட்டும் உப்பியது. அரைஞாண் கயிறு இறுகித் தடம் பதிந்ததைப் பார்த்துத்தான் என் மகள் பதறினாள். தொட்டால் வலியில்லை, அழுகையும் இல்லை. பக்கத்து கிளினிக்கில் பூச்சி மருந்து எழுதிக் கொடுத்தார்கள். அப்புறம் ஸ்கேன், சிறுநீரகக் கட்டியோ புற்றோ என்ற பயம். ஆபரேஷன் முடிந்து பயாப்ஸி ரிப்போர்ட் வந்தபோதுதான் லிப்போபிளாஸ்டோமா என்ற கொழுப்புக் கட்டிதான், புற்று இல்லை என்று தெரிந்தது.

கருவில் உருவாகும் இளம் கொழுப்புச் செல்கள் முதிராமல் பெருகுவதால் வருவது இது. பெரும்பாலும் 8ஆம் குரோமோசோமில் உள்ள பிளாக்1 (PLAG1) என்ற மரபணு இடம் மாறியிருக்கும். அநேகமாக 3 வயதுக்குள் வரும், ஆண் குழந்தைகளுக்குச் சற்று அதிகம். கை, கால், முதுகில் வருவதுதான் வழக்கம். வயிற்றுக்குள் வருவது அபூர்வம். தாய் ஊட்டிய நெய்க்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

உங்கள் செய்தியைப் படமெடுத்து, மகளின் புகுந்த வீட்டார் வாட்ஸ்அப்பில் சுற்றுக்கு விட்டுவிட்டார்கள். "அப்பவே சொன்னோமே" என்கிறார்கள். பருப்புச் சோற்றில் ஒரு சொட்டு நெய் விடவும் அவளுக்குக் கை வரவில்லை. ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டபோதுகூட அழாதவள், இந்த வரியைப் படித்து அழுதாள்.

டெங்கு சமயத்தில் பப்பாளி இலைச் சாறு குடித்தால் போதும் என்று போட்டீர்கள். இன்னொரு முறை, நோயாளிக் குழந்தையின் முகத்தை மறைக்காமல் படம் போட்டீர்கள். இரண்டுக்கும் எழுதினேன், பதில் இல்லை. பெங்களூரில் தமிழ்ப் பேப்பர் வாங்கிப் படிக்கும் எங்களைப் போன்றவர்கள், அச்சில் வந்தால் உண்மை என்றே நம்புகிறோம். இது உங்களுக்குத் தெரியாததல்ல.

அதே பக்கத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். உணவு காரணமல்ல என்றும், முழுவதும் எடுக்காவிட்டால் கட்டி திரும்ப வரலாம் என்பதால் சில வருடங்கள் ஸ்கேன் பார்த்துவர வேண்டும் என்றும் அதில் இருக்கட்டும். நான்கு வரி போதும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
அல்சூர், பெங்களூரு