வெயில் காலமும் பிள்ளைகளின் தண்ணீர் பாட்டிலும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். தேர்வு முடியும்வரை வெயிலோடுதான் பள்ளி நடக்கப்போகிறது. அதனால் ஒரு விஷயத்தை உங்களிடம் வெளிப்படையாகப் பேச வேண்டும்.

காலையில் நீங்கள் நிரப்பிக் கொடுக்கும் தண்ணீர் பாட்டில், பல பிள்ளைகளிடம் மாலைவரை பாதிகூடக் குறைவதில்லை. பெரிய வகுப்புப் பெண்பிள்ளைகளிடம் இது அதிகம். கேட்டால் "தாகமே எடுக்கலை டீச்சர்" என்கிறார்கள். கழிப்பறைக்குப் போக வேண்டிவருமே என்ற கூச்சம்தான் காரணம்.

வெளியே 40 டிகிரி அடித்தாலும் உடம்புக்குள் சுமார் 37 டிகிரிதான் இருக்க வேண்டும். இதைக் கவனித்துக்கொள்வது மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ். சூடு ஏறினால் தோலில் உள்ள ரத்தக்குழாய்கள் விரியும், வியர்வை சுரக்கும். காற்றே உடம்பைவிடச் சூடாக இருக்கும் மதிய நேரத்தில், வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். அந்த வியர்வைக்கு நீர் ரத்தத்திலிருந்து போகிறது. ரத்தத்தில் நீர் குறைந்ததும், இருப்பதை விடாமல் பிடித்துவைக்கும்படி ஹார்மோன் வழியாகச் சிறுநீரகத்துக்கு உத்தரவு போகும். சிறுநீர் அடர்மஞ்சளாவது இதனால்தான். மாலையில் பிள்ளையிடம் அதன் நிறத்தைக் கேளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

நம் ஊர் கடலோரம் வேறு. புழுக்கமான நாளில் வியர்வை ஆவியாகாமல் சொட்டிப் போய்விடும். நீரும் உப்பும் வீணாகும், சூடு தணியாது. ரத்தம் தோலுக்கும் காலுக்கும் இறங்கிவிடுவதால், அசையாமல் நிற்கும் பிள்ளைக்குத் தலை சுற்றும். சாப்பிடாமல் வந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே பிரேயரை வராந்தாவுக்கு மாற்றிவிட்டோம். காலை 11 மணிக்கும் மதியம் 3 மணிக்கும் தண்ணீர் குடிக்க மணி அடிப்போம். கழிப்பறைக்குப் போகக் கேட்கும் பிள்ளையை எந்த ஆசிரியரும் தடுக்க மாட்டார். இதற்கு நான் பொறுப்பு. வீட்டிலும் தைரியமாகக் கேட்டுப் போகச் சொல்லுங்கள்.

காலையில் பழைய சோறும் மோரும் என்றாலும் சரி, சாப்பிட வைத்தே அனுப்புங்கள். ஓ.ஆர்.எஸ். கொடுப்பதாக இருந்தால் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவு தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரையுங்கள். குறைந்த தண்ணீரில் கரைத்தால் உப்பு மிகுந்து கெடுதலாகிவிடும்.

விளையாடி வந்த பிள்ளை உடம்பு கொதிக்க, சம்பந்தமில்லாமல் பேசினாலோ மயங்கினாலோ காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். நிழலில் படுக்கவைத்து, உடலெங்கும் தண்ணீரால் நனைத்து விசிறுங்கள். நினைவில்லாத பிள்ளையின் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது.

வலிப்பு, சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு என்று ஏதாவது இருந்தால் இந்த வாரத்துக்குள் வகுப்பாசிரியரிடம் சொல்லிவிடுங்கள். விவரம் எங்களோடு இருக்கும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்