பெரியப்பாவுக்கு, எல்க் வேட்டைத் தோட்டா பற்றி

எல்வெரும், நோர்வே
ஒக்டோபர் 4

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

உங்கட கடிதம் கிடைச்சு ரெண்டு மாதம். பதில் போடாமல் விட்டது பிழைதான், மன்னியுங்கோ. நான் நல்ல சுகம். குளிர் தொடங்கிட்டுது, வேலை பரவாயில்லை.

மரையைவிடப் பெரிய மிருகத்தை ஒரே சன்னத்தால எப்பிடி விழுத்துறாங்கள் எண்டு கேட்டிருந்தியள். அந்த மிருகம் எல்க், மான் சாதியில பெரிசு. செப்டெம்பர் 25 இல எல்க் வேட்டை தொடங்கினது. வருசம் முழுக்கத் தலையை மட்டும் ஆட்டிப்போட்டுப் போற பக்கத்து வீட்டுக் கிழவர், தோட்டாக் கதை எண்டால் இரவு பதினொரு மணி மட்டும் விடமாட்டார். நானும் இருந்து கேட்பன்.

இங்கத்தைச் சட்டம் சன்னத்தின்ர நிறையைத்தான் முதல் பார்க்கும். எல்குக்கு 9 கிராமுக்குக் குறையக் கூடாது. 9 இலிருந்து 10 கிராமுக்குள்ள எண்டால் 100 மீற்றரில 2,700 ஜூல் சக்தி வேணும். 10 கிராமும் அதுக்கு மேலயும் எண்டால் 2,200 ஜூல் போதும். பாரமான சன்னம் ஆழமாப் போகும், அதாலதான் அந்தச் சலுகை. கிழவரிட்ட 6.5×55 எண்ட, 6.5 மில்லிமீற்றர் சன்னம் சுடுற துவக்கு. அதில 9.1 கிராம் சன்னம் போட்டால் 100 மீற்றரில செக்கனுக்கு 770 மீற்றர் வேகம் மிஞ்ச வேணும். பழைய துவக்கில அது வராது. 10.1 கிராம் எண்டால் 700 மீற்றரிலேயே 2,470 ஜூல் வந்திடும். அவர் அதைத்தான் வாங்குவார்.

நிறை மட்டும் காணாது. முழுக்க உலோக உறை மூடின சன்னம் ஊடுருவிப் போயிடும், காயம் சின்னன், மிருகம் கனதூரம் ஓடிச் சாகும். அதால வேட்டைக்குத் தடை. முனை விரிஞ்சு காளான் மாதிரி ஆகவேணும். ஆனால் லேசான, வேகமான சன்னம் தோள் எலும்பில பட்டால் உடைஞ்சு சிதறும், நுரையீரலுக்குப் போகாது, இறைச்சியும் இரத்தம் கட்டிப் பழுதாகும். உறையோட ஈயத்தை ஒட்டவைச்ச சன்னம் எண்டால் உடையாமல் நிக்கும். செம்புச் சன்னம் இன்னும் உறுதி, ஆனால் விரிய வேகம் வேணும், அதால தூரத்துக்குச் சுடக் கூடாது. ஈயத்தால விழுத்தினால் காயத்தைச் சுத்தி உள்ள இறைச்சியைத் தாராளமா வெட்டி எறியவேணும். கண்ணுக்குத் தெரியாத ஈயத்தூள் பிள்ளைகளுக்குக் கூடாது.

தோட்டா மாத்தினால் சன்னம் வேற இடத்தில போய்ப் படும். வருசாவருசம் 30 பயிற்சி வெடி, பிறகு 100 மீற்றரில 5 வெடி, அஞ்சும் 30 சென்ரிமீற்றர் வட்டத்துக்குள்ள விழவேணும். பயிற்சிக்கு மலிவான தோட்டா பாவிச்சாலும், காட்டுக்குக் கொண்டுபோற தோட்டாவாலதான் கடைசியாக் குறி சரிபார்க்கவேணும். முன்னங்காலுக்குக் கொஞ்சம் பின்னால, நுரையீரலில பட்டாலும் எல்க் ஒண்டும் நடக்காத மாதிரி நிக்கும். விழும்வரைக்கும் சுடவேணும். நீங்கள் வன்னியில பாவிச்ச எஸ்.ஜி. தோட்டாவுக்கு இங்க இடமில்லை, சிதறுகுண்டு எல்கைக் காயப்படுத்திப்போட்டு விட்டிடும்.

கிழவர் ஒரு துண்டு இறைச்சி தந்தவர். மிளகாய்த்தூள் போட்டுப் பிரட்டினன். பெரியம்மா மரை வத்தலை இடிச்சு வறுக்கேக்க முத்தம் வரைக்கும் வாற மணம் வரேல்லை, பெரியப்பா. சட்டியைப் பாத்துக்கொண்டே இருந்தன்.

இந்த மாதக் காசு கொஞ்சம் பிந்தும், யோசிக்காதேங்கோ. மாலாவின்ர சாதகப் பொருத்தம் பாத்ததெண்டு அம்மா எழுதினவ, மாப்பிள்ளை பகுதி என்ன சொல்லுது? மேற்கு வேலிக் கதியாலை அந்தப் பக்கத்துக் காணிக்காரர் அரையடி தள்ளி நட்டிருக்கினமாம். நீங்கள் ஒருக்கா நேர போய்ப் பாருங்கோ. காணி உறுதி அம்மாவின்ர றங்குப்பெட்டியில, சேலைக்கடியில இருக்கு.

அன்புடன்,
தம்பி