பரணில் காத்து வைத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

பாரதி ஆய்வுக்கான விருது இந்த ஆண்டு எனக்கு என்று அறிவித்திருக்கிறார்கள். வாழ்த்துச் சொன்ன எல்லோருக்கும் தனித்தனியே பதில் எழுத முடியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

பள்ளிக்கூட வேலைக்கு நடுவே ஒன்பது ஆண்டுகளாக நான் தேடியது ஒரு சின்னக் காலத்தைத்தான். 1920 நவம்பரில் பாரதி கடையத்திலிருந்து சென்னைக்குப் போய் மறுபடியும் சுதேசமித்திரன் நாளிதழில் சேர்ந்தார். 1921 செப்டம்பரில் மறைந்தார். இடைப்பட்ட பத்து மாதத்தில் அவர் எழுதியவற்றை நாள்வாரியாகப் பார்க்க ஆசைப்பட்டேன். திருவல்லிக்கேணிக் கோயில் யானை தள்ளியதும் அவர் வாழ்க்கை முடிந்துவிட்டதாகத்தான் இன்றும் பலர் நினைக்கிறார்கள். என் மாணவர்களும் அப்படித்தான் எழுதுவார்கள். அதிலிருந்து அவர் தேறினார், வேலைக்குத் திரும்பினார். ஈரோடு கருங்கல்பாளையம் வாசகசாலைக்குப் போய் ‘மனிதனுக்கு மரணமில்லை’ என்று பேசினார். அந்தப் பயணத்தைப் பற்றி 1921 ஆகஸ்டில் சுதேசமித்திரனில் அவரே எழுதியும் இருக்கிறார். அப்புறம்தான் வயிற்றுக்கடுப்பு வந்தது. கடைசி வரை எழுதிக்கொண்டிருந்த அந்த மனிதரை மாணவர்களுக்குக் காட்ட வேண்டும் என்பதே என் தவிப்பாக இருந்தது.

முதல் நன்றி ஓர் ஆச்சிக்கு. தென்காசிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறார். எண்பது வயதுக்கு மேல். அவருடைய மாமனார் சுதேசமித்திரன் சந்தாதாரர். இதழ்களைப் பழைய வேட்டியில் கட்டி, வசம்பு போட்டுப் பரணில் வைத்திருந்தார்கள். வீடு இரண்டு தடவை ஓடு மாற்றியிருக்கிறது; இரண்டு தடவையும் அந்தக் கட்டுகளை இறக்கி, வெயில் காட்டி, மறுபடி ஏற்றியிருக்கிறார் ஆச்சி. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. “கொண்டு போங்க சார், ஆனா திரும்பக் கொண்டாந்து தந்துரணும்” என்றார். மூன்று மாதம் கழித்துத் திருப்பிக் கொடுத்தபோது ஒவ்வொரு கட்டாகத் தொட்டுப் பார்த்து எண்ணி வாங்கிக்கொண்டார். அந்தக் கைகளை நான் மறக்க மாட்டேன்.

எல்லா இடத்திலும் இப்படி அமையவில்லை. ஒரு நூலகத்தில், அட்டவணையில் இருந்த தொகுதி அலமாரியில் பொடியாகக் கிடந்தது. தொட்டால் உதிர்ந்தது. அன்று ஊர் திரும்பும் பேருந்தில் அழுதுவிட்டேன்.

சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலக ஊழியர்களுக்கு நிறையக் கடன்பட்டிருக்கிறேன். கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற ஒரு தனிமனிதர் சேர்த்தவை அங்கே நுண்படச் சுருள்களாக (மைக்ரோஃபிலிம்) நிலைத்திருக்கின்றன. நான் கேட்காத சுருளையும் “இதையும் பாருங்களேன்” என்று எடுத்து வந்து கொடுத்த தம்பிக்குத் தனியாக ஒரு வணக்கம்.

எனக்கு முன்னால் நடந்தவர்கள் இல்லாமல் நான் ஓரடியும் வைத்திருக்க முடியாது. சுதேசமித்திரனிலிருந்து திரட்டி 1953இல் ‘பாரதி தமிழ்’ தந்த பெ. தூரன், 1957இல் ‘சித்திர பாரதி’ தந்த ரா. அ. பத்மநாபன், படைப்புகளைக் காலவரிசையில் அடுக்கிய சீனி. விசுவநாதன் என்று அந்த வரிசை நீளும். காளிதாசன், சக்திதாசன், ஷெல்லிதாசன் என்று பல பெயர்களில் எழுதியவர் பாரதி. பெயர் போடாமலும் எழுதியிருக்கிறார். நடை ஒத்துப்போகிறது என்பதற்காக மட்டும் எதையும் அவர் கணக்கில் சேர்க்கக் கூடாது என்ற கண்டிப்பை இவர்கள் நூல்களிலிருந்துதான் கற்றேன். சந்தேகம் தீராத பதினோரு கட்டுரைகளை அப்படித்தான் என் தொகுப்புக்கு வெளியே வைத்தேன். அதில் இரண்டு எனக்கு மிகவும் பிடித்தவை.

மங்கிய எழுத்துகளைத் தட்டச்சு செய்த என் பழைய மாணவிகள் இருவர், ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் விட்டுக்கொடுத்த என் மனைவி, மெய்ப்புத் திருத்திய சக ஆசிரியர், விருதுக் குழுவினர் அனைவருக்கும் நன்றி.

விருதுத் தொகையில் ஒரு ஸ்கேனர் வாங்குகிறேன். ஆச்சி வீட்டில் இன்னும் நான்கு கட்டுகள் பிரிக்காமல் இருக்கின்றன. சித்திரை விடுமுறையில் அங்கே போகிறேன். உங்கள் வீட்டுப் பரணிலும் பழைய இதழ்கள் இருந்தால், பழைய பேப்பர்காரரிடம் போடுவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நானே வந்து பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு, அங்கேயே வைத்துவிட்டு வருகிறேன்.

நன்றியுடன்,
தென்காசித் தமிழாசிரியர் ஒருவர்