மரக் கார்: ஆடம்பரம் அல்ல, எடைக் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் வார இணைப்பில் 1924-ஆம் ஆண்டு ஹிஸ்பானோ-சுய்சா மரக் காரைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படம் அருமை. கட்டுரையோ முதலிலிருந்து கடைசி வரை 'பணக்காரரின் ஆடம்பர ஆசை' என்று ஒரே பாட்டு. 2022-இல் கலிஃபோர்னியா ஏலத்தில் 92 லட்சம் டாலருக்கு மேல் போனதைக் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். நான் பெரம்பூர் கேரியேஜ் ஒர்க்ஸில், அதாவது ரயில் பெட்டிப் பணிமனையில், தச்சு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அந்தக் காரில் மரம் ஏறியது பகட்டுக்கு அல்ல, எடை குறைக்க.

காரைச் செய்யச் சொன்ன ஆந்த்ரே துபோனே பணக்காரர்தான், மறுக்கவில்லை. ஆனால் முதல் உலகப் போரில் போர் விமானம் ஓட்டியவர். சிசிலியின் டார்கா ஃப்ளோரியோ பந்தயத்துக்குத்தான் வண்டி கேட்டார். 108 கிலோமீட்டர் மலைப்பாதையை நான்கு சுற்று சுற்ற வேண்டும். 8 லிட்டர் இன்ஜினின் கனமே போதும். பாடியும் கனத்தால் வளைவுகளில் என்ன ஆகும்? அதனால் நியூபோர் என்ற விமானக் கம்பெனியிடம் வேலையைக் கொடுத்தார். அவர்கள் கட்டிய மரப் பாடி எழுபது கிலோ சொச்சம்தான். பந்தயத்தில் ஆறாவதாக வந்தார்.

படத்தை உற்றுப் பாருங்கள். கால் அங்குலம்கூட இல்லாத மரப் பட்டைகள். உள்ளே வரிசையாக விலாச் சட்டம், அதன்மேல் பட்டைகளை வளைத்து ஆயிரக்கணக்கில் ரிவெட் அடித்திருக்கிறார்கள். வண்டியின் பின்பக்கம் கூம்பிப் போகிறது. அப்படியானால் ஒவ்வொரு பட்டையும் நடுவில் அகலமாகவும் முனையில் ஒடுங்கியும் இருக்க வேண்டும், ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. ஒரு பட்டையில் நூலளவு தப்பினால் பக்கத்துப் பட்டை இடைவெளி விடும், இல்லையென்றால் ஏறி நிற்கும். இழைப்புளி பிடித்த கைக்குத்தான் அந்த வேலையின் அருமை தெரியும்.

காசிமேட்டில் மரப் படகு கட்டிய காலத்தில் ஏரா என்கிற அடிமரத்திலிருந்து வங்கு என்கிற விலாச் சட்டங்களை எழுப்பிப் பலகை பொருத்தியதும் இதே முறைதான். இப்போது அங்கே ஃபைபர் படகுகள்தான் அதிகம் கண்ணில் படுகின்றன. நாங்கள் பெரம்பூரில் பழைய மர ரயில் பெட்டிகளுக்குத் தேக்கில் தூண் மாற்றினோம். ஜன்னல் வழியாக இறங்கும் மழைத் தண்ணீர் தூணின் அடியைத்தான் முதலில் தின்னும். மேலே வார்னிஷ் பளபளக்கும், அடியில் உளி வைத்தால் பொலபொலவென்று உதிரும். 1955-இல் ஐ.சி.எஃப். என்ற ரயில் பெட்டித் தொழிற்சாலை வந்து எஃகுப் பெட்டி கட்டத் தொடங்கியபோதே அந்த வேலைக்கு முடிவு தெரிந்துவிட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை. விபத்தில் மரப் பெட்டி சிதறும்.

ஆடம்பரத்துக்குத்தான் உதாரணம் வேண்டுமென்றால் 1910-இல் கல்கத்தாவில் ஒரு வெள்ளைக்காரர் ஓட்டிய அன்னப்பறவை வடிவக் காரைப் பற்றி எழுதுங்கள். இன்றைக்கு நெதர்லாந்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அன்னத்தின் அலகிலிருந்து ஆவி பீய்ச்சி வழியில் இருப்பவர்களை விலக்குமாம்! அதற்கும் பந்தயக் காருக்கும் ஒரே முத்திரை குத்தலாமா?

அடுத்த முறை இப்படி எழுதும்போது, முடிந்தால் பாடியின் உள்பக்கப் படம் ஒன்றையும் போடுங்கள். விலாச் சட்டம் தெரிகிற மாதிரி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்வே தச்சர்,
அகரம், பெரம்பூர், சென்னை