கடப்பாறையோடு வந்த அண்ணனுக்கு நன்றி

தேவகோட்டைப் பக்கம் எங்கள் பங்கில் (கோயில் சபையில்), இரண்டு பிள்ளைகளின் தகப்பன் சின்ன வயதில் போய்ச் சேர்ந்தபோது, பேர்கூடச் சொல்லாமல் கல்லறைக் குழி வெட்டித் தந்த அண்ணனுக்கு நன்றி. இங்கே கொஞ்சம் இறங்கினதுமே செம்புராங்கல் என்கிற கெட்டிச் செந்நிறப் பாறை, மண்வெட்டிக்கு மசியாது. வெட்டுவதற்கு முந்தின ராத்திரியே தண்ணீர் ஊற்றி ஊறப்போட்டார். பெட்டியைவிட இரு பக்கமும் அரையடி கூடுதலாக வெட்டினார். இல்லையென்றால் கயிறு சிக்கி, பெட்டி சாய்ந்து நின்றுவிடும் (பிள்ளைகள் பார்க்கக்கூடாத காட்சி அது). மண்ணையும் விளிம்பிலிருந்து தள்ளியே குவித்தார், கரை சரியாமலிருக்க. உடலை வைத்திருந்த ஃபிரீசர் பெட்டிக்குத் தனி கரண்ட் லைன் இழுத்ததும் அவர்தான். பந்தல் லைட்டோடு சேர்த்தால் வோல்டேஜ் இறங்கி கம்ப்ரசர் நின்றுபோகும். இறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணமில்லை, வாரிசுச் சான்றிதழுக்கு அது வேண்டும் என்று கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியாரிடம் சொல்லிவிட்டுப் போனார். கூலி வாங்கவில்லை, ஒரு டீயோடு சரி. முப்பதாம் நாள் பூசைக்கு வந்துவிடுங்கள் அண்ணே.