ஈரம் பட்டதென்று உத்தரவாதம் மறுத்தது பற்றிய புகார்

யாழ்ப்பாணம்

வாடிக்கையாளர் சேவை முகாமையாளர் அவர்களுக்கு,

கடந்த வைகாசியில் உங்கள் யாழ்ப்பாணக் கிளையில் என் அம்மாவுக்குக் காதின் பின்னால் மாட்டுகிற செவிப்புலன் கருவி ஒன்று வாங்கினோம். விலை 185,000 ரூபா, உத்தரவாதம் இரண்டு வருடம். கார்த்திகைக் கடைசியில் அது வாயடைத்துப் போனது. கொழும்புக்கு அனுப்பி ஒரு துண்டோடு திருப்பித் தந்தீர்கள்: ஈரத்தால் பழுது, உத்தரவாதம் செல்லாது, திருத்துவதற்கு 46,000 ரூபா.

ஈரம் பட்டது உண்மைதான், மறுக்கவில்லை. மாரியில் யாழ்ப்பாணத்தில் ஈரம் படாத பொருள் எது? உப்புப் போத்தலின் அடியில் தண்ணீர் நிற்கும், தீக்குச்சி நாலு உரசினால்தான் பற்றும். வருடத்து மழையில் பெரும்பங்கு ஒக்டோபரில் இருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்க்கிற ஊர் இது. இங்கே கிளை திறந்தவர்களுக்கு அது தெரியாதா?

வாங்கிய அன்றே மழைக்காலத்தைப் பற்றிக் கேட்டேன். உங்கள் அலுவலர் பெட்டியில் இருந்த ஐபி68 என்ற எழுத்தைக் காட்டி, "தண்ணிக்குள்ள விழுந்தாலும் ஒண்டும் ஆகாது அக்கா" என்றார். நம்பினேன். அந்த 6 தூசிக்கு, 8 தண்ணீருக்கு என்பதும், சோதிப்பது நல்ல தண்ணீரில் என்பதும் பிறகு தேடிப் படித்ததில்தான் தெரிந்தது. வியர்வைக்கும் உப்புக்காற்றுக்கும் அந்த எண் பிணை நிற்காது. எங்கள் வீடு கொட்டடியில், பண்ணைக் கடலுக்குக் கிட்ட. யன்னல் கம்பியே இரண்டு வருடத்தில் துருப்பிடித்துவிடும்.

கூடத் தந்த கையேடு ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் மட்டும். ஆங்கிலத்தில் வாசித்தேன். ஸ்னோ கொட்டும்போது தொப்பிக்குள் கருவியை எப்படிக் காப்பது என்று அரைப் பக்கம் இருக்கிறது. கனடாவில் இருக்கிற என் தம்பிக்கு உதவும். சோளகக் காற்று அள்ளி வருகிற புழுதி மைக் துவாரத்தை அடைப்பது பற்றியோ, அடைமழை பற்றியோ ஒரு வரி இல்லை.

ஒருநாள் விடிய அம்மா கருவியை மாட்டிவிட்டு, "கிணத்துக்குள்ள நிண்டு கதைக்கிற மாதிரிக் கேக்குது" என்றார். கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால், கருவியிலிருந்து காதுக்குச் சத்தம் போகிற மெல்லிய குழாய்க்குள் ஊசிமுனை அளவில் நீர்த்துளிகள் வரிசையாக நின்றன. காதுக்குள் இருக்கிற சூடான ஈரக்காற்று, மழைக்குளிரில் ஆறிய குழாயில் பட்டுத் தண்ணீராகிறது. காதுக்குள் வைக்கிற அச்சைக் குழாயோடு கருவியிலிருந்து கழற்றி, சின்ன ஊதுபந்தால் ஊதினால் போகும். அந்த ஊதுபந்தை நீங்கள் தரவில்லை, அப்படி ஒன்று இருக்கிறது என்று சொல்லவும் இல்லை.

கிளைக்குத் தொலைபேசியில் கேட்டபோது "இரவில அரிசிக்குள்ள போட்டு வையுங்கோ" என்றார்கள். மொட்டைக்கறுப்பன் அரிசிப் போத்தலுக்குள் ஒரு கிழமை வைத்தோம். அரிசித் தூள்தான் மிச்சம். கடைசியில் பற்றரி மூடியைத் திறந்தபோது தகட்டு முனையில் பச்சையாகப் பூத்திருந்தது. இந்தச் சின்ன பற்றரி காற்றை இழுத்துத்தான் வேலை செய்கிறதாம், ஸ்டிக்கரை உரித்தால் துவாரம் திறந்துவிடும். காற்றுப் போகிற வழியால் ஈரமும் போகும். இரவில் பற்றரியைக் கழற்றி, மூடியைத் திறந்தபடி, சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவுக்குள் கருவியை வைக்க வேண்டும் என்று எனக்குச் சொன்னது உங்கள் ஆட்கள் அல்ல, அம்மாவின் காதைப் பார்க்கிற வைத்தியர். அந்த டப்பா கருவியின் விலையில் நூறில் ஒரு பங்குகூட வராது.

ஆகவே, கருவியை உத்தரவாதத்தின் கீழ் இலவசமாகத் திருத்தித் தாருங்கள். உலர்த்தும் டப்பாவும் ஊதுபந்தும் கூட வரவேண்டும். அப்புறம், தமிழில் ஒரு பக்கக் குறிப்பாவது அச்சிட்டு யாழ்ப்பாணக் கிளையில் வையுங்கள். 14 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் முறையிடுவேன். அவர்களின் 1977 என்ற தொலைபேசி இலக்கம் உங்கள் பற்றுச்சீட்டுக்குப் பின்னாலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

பற்றுச்சீட்டின் பிரதியும் பச்சை பூத்த பற்றரி மூடியின் படமும் இணைத்துள்ளேன்.

பதிலைத் தயவுசெய்து எழுத்தில் அனுப்புங்கள். போன முறை உங்கள் ஆள் அம்மாவின் கைபேசிக்கே அழைத்து, கருவி பழுது என்பதை அவருக்கு மூன்று தடவை சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளரின் மகள்