பேனாக்களை ஒளித்துவைத்த காட்சி

அன்பு மகளுக்கு,

நீ சொல்லிக்கொண்டே இருந்த 'மெமெண்டோ' படத்தை நேற்று ராத்திரி பார்த்தேன், மனசு ஆறாமல் இன்று காலையிலும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டேன். கதை பின்னாலிருந்து முன்னால் வரும் என்று நீ சொன்னதும், ஆட்கள் பின்பக்கமாக நடப்பார்கள், பேச்சுகூடத் தலைகீழாகக் கேட்கும் என்று நினைத்துத்தான் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். அப்படி வருவது தொடக்கத்தில் மட்டும்தான், எடுத்ததும் கையிலேயே தெளிந்துவரும் போலராய்டு போட்டோ ஒன்று மெல்ல மெல்ல வெளுத்துப்போகிறதே, அங்கே. அப்புறம் காட்சியெல்லாம் நேராகத்தான் நடக்கிறது, கலர் காட்சிகளை அடுக்கிய வரிசைதான் தலைகீழ். கலரில் வரும் ஒவ்வொரு காட்சியும் முந்தி பார்த்த காட்சி தொடங்கிய இடத்தில் வந்து முடிகிறது, அந்தச் சில நொடிகளைத் திரும்பக் காட்டுவதால்தான் பிடி நழுவவில்லை. படத்தொகுப்புக்காக டோடி டோர்ன் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார் என்று நீ ஆசையாகச் சொன்னது இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

கதாநாயகன் லெனார்டுக்குப் புதிதாக நடப்பது எதுவும் சில நிமிஷத்துக்குமேல் நினைவில் நிற்காது. அவன் ஓடுகிறான். தான் துரத்துகிறோமா, தன்னைத் துரத்துகிறார்களா என்று அவனுக்கே தெரியவில்லை. நமக்கும் தெரியாது! நேர் வரிசையில் சொல்லியிருந்தால், பாவம் மறதிக்காரன் என்று உச்சுக்கொட்டியிருப்பேன், அவ்வளவுதான்.

ஆனால் என்னைத் தூங்கவிடாதது அவனுக்கு உதவுகிற நடாலிதான். முகத்தில் காயத்தோடு வந்து இன்னொருவன் அடித்துவிட்டான் என்கிறாள், நான் அப்படியே நம்பித் துடித்துப்போனேன். அடுத்து வருவது அதற்கு முன்னால் நடந்தது: வீட்டிலிருக்கும் பேனாக்களையெல்லாம் எடுத்து ஒளித்துவிட்டு, லெனார்டின் மனைவியைப் பற்றி வாய்க்கு வந்தபடி பேசி, அவனையே தன்னை அடிக்கவைத்து, வெளியே போய்க் காரில் உட்கார்ந்து அவன் மறக்கும்வரை காத்திருக்கிறாள். உள்ளே அவன் எழுதிவைக்க ஒரு பேனா கிடைக்காமல் அலைகிறான். அந்த நிமிஷம் அவளை அவ்வளவு வெறுத்தேன். இன்று காலையில் பார்த்தபோது வெறுக்க முடியவில்லை, ஏனென்றால் லெனார்ட் போட்டிருக்கும் கோட்டும் ஓட்டிவரும் காரும் யாருடையவை, அந்த ஆள் அவளுக்கு யார், அவனுக்கு என்ன ஆனது என்பதெல்லாம் இப்போது எனக்குத் தெரியும். கடைசியில் காட்டினாலும் அதுதானே முதலில் நடந்தது.

போன மாதம் ஒரு ராத்திரி நீ போனில் வெடுக்கென்று பேசிவிட்டு வைத்தாயே, அதை மனதில் வைத்துக்கொண்டு மூன்று நாள் உன்னிடம் பேசாமல் இருந்தேன். அப்புறம் நீயே கூப்பிட்டாய், ஏதேதோ பேசினோம், சரியாகிவிட்டது. ஆனால் அன்றைக்குப் பகலில் உனக்கு என்ன நடந்தது என்று நான் இன்றுவரை கேட்கவேயில்லை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு கண்ணம்மா, அன்றைக்குக் காலையில் எழுந்ததிலிருந்து சொல்.

அம்மா